மிச்சம் பிடிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம்

ஏப்ரல் பிறந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் அந்தக் கட்டுரை வந்துவிடும். சுற்றுலா போகிறீர்களா, பணத்தை மிச்சப்படுத்தப் பத்து வழிகள். பக்கத்தில் ஒரு சூட்கேஸ் படம், தொப்பி போட்ட பெண் ஒருத்தி. இந்த வருடம் அதை என் மைத்துனர் மகன் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். "மாமா, உங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்" என்று கீழே ஒரு வரி. பையன் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினான். நான்தான் அன்று காலை காபியை ஆறவிட்டுவிட்டு அந்தப் பத்து வழிகளோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். தேதியில் பிடிவாதம் வேண்டாம். சீசன் இல்லாத நேரத்தில் போங்கள். பல தளங்களில் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் திரும்பக் கிடைக்காத அறையை எடுத்தால் மலிவு. கிரெடிட் கார்டு பாயிண்ட்டைப் பயன்படுத்துங்கள். இப்படியே போகிறது. இவற்றில் பாதிக்கு மேல் நான் செய்து பார்த்தவன். சென்ற வருடம் பிப்ரவரியில் நானும் மனைவியும் ஆக்ராவும் டெல்லியும் போய்வந்தோம். அதை வைத்தே சொல்கிறேன்.

தேதியில் பிடிவாதம் வேண்டாம் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ராவில் இரண்டு இரவு தங்குவதாகத் திட்டம். சனி, ஞாயிறு போட்டால் ஒரு விலை காட்டியது. வியாழன், வெள்ளி இரவுகள் போட்டால் மொத்தத்தில் 900 ரூபாய் குறைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பென்ஷன்காரனுக்குச் சனிக்கிழமையும் ஒன்றுதான், வியாழக்கிழமையும் ஒன்றுதான். பணம் கட்டப் போகும்போது பின்னால் நின்றிருந்த மனைவி, "வெள்ளிக்கிழமை தாஜ்மகால் லீவு இல்லையா?" என்றாள். ஆமாம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாஜ்மகாலுக்கு விடுமுறை. எங்களுக்கு முழுதாகக் கிடைக்கும் ஒரே பகல் அந்த வெள்ளிக்கிழமைதான். அறை ஏன் மலிவாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. தளம் அதைச் சொல்லவில்லை. "இந்த விலையில் இன்னும் 2 அறைகளே உள்ளன" என்பதை மட்டும் சிவப்பு எழுத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை திறந்து பார்த்தேன். அப்போதும் 2 அறைகள்தான் மீதி இருந்தன.

பணம் திரும்பக் கிடைக்காத அறையின் கதை அதற்கும் முந்தையது. 2023-இல் மைசூர் தசராவுக்குப் போகலாம் என்று இரண்டு மாதம் முன்பே அறை எடுத்தோம். திருப்பித் தரும் அறைக்கும் திருப்பித் தராத அறைக்கும் 700 ரூபாய் வித்தியாசம். 700 ரூபாயை மிச்சம் பிடித்தேன். கிளம்புவதற்கு நான்கு நாள் இருக்கும்போது மனைவிக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அறைக்குக் கட்டிய 5,200 ரூபாயும் போயிற்று. போன் செய்து கேட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் மிக மரியாதையாக, "சார், நீங்கள் டர்ம்ஸை அக்ஸெப்ட் பண்ணியிருக்கிறீர்கள்" என்றாள். அக்ஸெப்ட் பண்ணியது உண்மை. ஆனால் நாற்பது வயதுக்காரன் அந்தப் பெட்டியில் டிக் போடுவதும் எழுபது வயதுக்காரன் போடுவதும் ஒரே ஆட்டம் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஆரோக்கியமாக இருப்பேன் என்று அவன் தைரியமாகப் பந்தயம் கட்டலாம். எங்கள் வயதில் அந்த 700 ரூபாய் தள்ளுபடி, உடம்பை வைத்துச் சூதாடச் சொல்வதுதான்.

(இதில் ரயில்வே எவ்வளவோ தேவலை என்று சொல்லிவிட வேண்டும். பின்னால் திட்டப் போகிறேன் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த 2023-இல் ரயில் கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் மூன்றடுக்கு ஏசிக்கு ஆளுக்கு 180 ரூபாய், ஸ்லீப்பருக்கு 120 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் தாமதித்தால் கால் பங்கு, பிறகு பாதி. கணக்கு எல்லோருக்கும் ஒன்று. பலகையில் எழுதிப் போடக்கூடிய கணக்கு.)

அடுத்தது ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒப்பிடுவதற்கு முதலில் விலை என்று ஒன்று இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் 1,800 என்று காட்டுகிற அறை, பெயர், வயது, ஆதார் எல்லாம் கொடுத்து கடைசிப் பக்கத்துக்குப் போகும்போது 2,250 ஆகியிருக்கும். நடுவில் வரி, வசதிக் கட்டணம், யாருக்கோ நன்கொடை, நான் கேட்காத இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொல்ல ஒரு பொத்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "வேண்டாம், என் பயணத்தைப் பணயம் வைக்கத் தயார்" என்கிற அர்த்தத்தில் ஒரு வாசகம். பயணம் கிளம்பும் முன்பே அபசகுனமாக ஒன்றைச் சொல்லவைக்கிறார்கள். என் மனைவி அந்தப் பொத்தானை அழுத்தவே விடமாட்டாள். விமானத்தில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் காசு. இரவு முழுவதும் மூன்று முறை எழுந்து போகிற வயதில் நடைபாதை ஓரத்து இருக்கை எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. இருந்தாலும் அதற்கும் காசு.

இவற்றுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஒரு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. இணையத்தில் ஆளை ஏமாற்றுகிற 13 தந்திரங்களை வரிசையாகப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, கூடாது என்றது. பொய்யாக அவசரப்படுத்துவது, கூடையில் நாம் போடாத பொருளைச் செருகுவது, மறுப்பவரை வெட்கப்பட வைப்பது, விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது, எல்லாம் அதில் உண்டு. படித்துவிட்டு நான் மெச்சினேன். அதற்குப் பிறகும் எனக்கு "2 அறைகளே உள்ளன".

நான் தொலைபேசித் துறையில் 34 வருடம் குப்பை கொட்டியவன். டிரங்க் கால் காலத்தில் தூரத்துக்கு ஏற்ற கட்டணம் அட்டையில் அச்சிட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும். மந்திரி பேசினாலும் அதுதான், மளிகைக்கடைக்காரர் பேசினாலும் அதுதான். பாண்டி பஜாரில் பேரம் பேசுகிற ஆள்தான் நானும். அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அங்கே விற்பவர் முகம் எனக்குத் தெரிகிறது, என் முகம் அவருக்குத் தெரிகிறது. இரண்டு பேருக்கும் அலுத்துப்போனால் ஒரு விலைக்கு வந்துவிடுகிறோம். இங்கே எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு கணக்கு. அதற்கு அலுப்பே கிடையாது.

சரி, இவ்வளவும் செய்து ஆக்ரா பயணத்தில் நான் பிடித்த மிச்சம் எவ்வளவு? நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஆக்ராவில் தளத்தை விட்டுவிட்டு விடுதிக்கே நேராகப் போன் செய்ததில் ஒரு இரவுக்கு 300 வீதம் 600. யு.பி.ஐ. மூலம் ரயில் டிக்கெட்டுக்குப் பணம் கட்டினால் வசதிக் கட்டணம் ஏசிக்கு 30-க்குப் பதில் 20, வரி தனி. திரும்பி வரும் டிக்கெட்டில் அந்தப் பத்து ரூபாய். அப்புறம் வெள்ளிக்கிழமைக் கண்டத்திலிருந்து தப்பித்தது. எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய் தேறாது. அதற்கு நான் உட்கார்ந்த நேரம் மூன்று நாள்.

இப்போது உண்மையான மிச்சத்துக்கு வருகிறேன். அந்தப் பத்து வழிகளில் அது இல்லை, ஏனென்றால் அதை எடுத்துவிட்டார்கள்.

2020 மார்ச் 20 வரை, 60 வயது நிறைந்த ஆணுக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதமும் 58 வயது நிறைந்த பெண்ணுக்கு 50 சதவீதமும் சலுகை இருந்தது. எல்லா வகுப்பிலும் இருந்தது. முன்பதிவுக் கட்டணம், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் போன்றவற்றில் குறையாது, அடிப்படைக் கட்டணத்தில் குறையும். அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம், நள்ளிரவில் விழித்திருக்க வேண்டாம், கார்டு வேண்டாம். படிவத்தில் வயதை எழுதினால் போதும். அது ஒன்றும் நேற்று யாரோ தேர்தலுக்காகக் கொடுத்ததும் இல்லை. முன்பு ஆண்களுக்கு 30 சதவீதமாக இருந்ததை 2011-12 பட்ஜெட்டில்தான் 40 ஆக்கினார்கள். பெண்களுக்கு வயது வரம்பை 60-இலிருந்து 58 ஆகக் குறைத்ததும் அப்போதுதான்.

கொரோனா வந்தது. வயதானவர்கள் வெளியே வந்தால் ஆபத்து, அவர்கள் பயணத்தைக் குறைக்க வேண்டும் என்று காரணம் சொல்லி நிறுத்தினார்கள். அன்றைக்கு அது நியாயம். நானே வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பிறகு தடுப்பூசி வந்தது, முகக்கவசம் போயிற்று, ரயில்கள் எல்லாம் ஓடின, பிளாட்பாரத்தில் டீ வந்தது. மாற்றுத்திறனாளிகளில் நான்கு வகையினருக்கும், நோயாளிகளில் 11 வகையினருக்கும், மாணவர்களில் 8 வகையினருக்கும் சலுகை தொடர்ந்தது. நல்லது, தொடரத்தான் வேண்டும். எங்களுடையது மட்டும் திரும்பி வரவில்லை. ஆபத்துக் காலத்தில் எங்கள் நன்மைக்காக என்று சொல்லி வாங்கிக்கொண்டது, ஆபத்து போன பிறகும் அவர்கள் பெட்டியிலேயே இருக்கிறது.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு 77 வயது. கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள். மச்சான் பஞ்சாலையில் வேலை பார்த்தவர், போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவருடைய வைப்பு நிதிக் கணக்கிலிருந்து அக்காவுக்கு வருகிற விதவை ஓய்வூதியம் மாதம் ஆயிரத்துச் சொச்சம். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தது, அப்படியேதான் இருக்கிறது. மகன் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறான், நல்லவன், ஆனால் பட்டறைக்கு எந்த மாதம் வேலை வரும், எந்த மாதம் வராது என்று அவனுக்கே தெரியாது. அக்கா புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுத்துக் கொஞ்சம் சேர்க்கிறாள். நான் பாலிடெக்னிக் படித்தபோது என் பஸ் பாஸுக்கும் மத்தியான டீக்கும் காசு கொடுத்தது அவள்தான்.

2020-க்கு முன்னால் அக்கா வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சேரன் எக்ஸ்பிரஸில் தனியாகச் சென்னை வருவாள். ஸ்லீப்பரில், அரை டிக்கெட்டில். அரை டிக்கெட் என்று சொல்வதில் அவளுக்கு ஒரு சிரிப்பு. "கொழந்தைக்கும் அரை டிக்கெட்டு, கெழவிக்கும் அரை டிக்கெட்டு" என்பாள். ஒருமுறை எங்களோடு ராமேஸ்வரம் வந்தாள், ஒருமுறை திருப்பதி, 2018-இல் எங்களோடு ஹைதராபாத் வந்து சார்மினார் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அவள் டிக்கெட்டுக்கு அவளே பணம் கொடுத்தாள். வந்து இறங்கியதும் முதல் வேலையாக முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணி என் கையில் வைப்பாள். வாங்காவிட்டால் அடுத்த முறை வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். வாங்கிக்கொள்வேன்.

தாஜ்மகாலை நான் 1986-இல் பார்த்தாயிற்று, எல்.டி.சி.யில், அரசாங்கம் ரயில் கட்டணம் கொடுத்தது. அந்த போட்டோ அக்கா வீட்டில் ரொம்ப நாள் சட்டத்துக்குள் இருந்தது. அதனால் சென்ற வருடம் ஆக்ரா என்று முடிவானதும் முதல் போன் அவளுக்குத்தான். முதலில் ஒரே உற்சாகம். "குளுருமா? ஸ்வெட்டரு ஒண்ணு இருக்குது" என்றாள். பிறகு, "டிக்கெட்டு எவ்வளவுடா வரும்?" என்றாள்.

மூன்றடுக்கு ஏசியில் சென்னையிலிருந்து ஆக்ராவுக்கு ஒருவழிக்கு இரண்டாயிரத்தைச் சுற்றி. போகவர நான்காயிரம். கோயம்புத்தூரிலிருந்து வந்து போவது தனி. அரை டிக்கெட் இருந்திருந்தால் சுமார் 1,900 ரூபாய் குறைந்திருக்கும். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஸ்லீப்பர்ல போலாமா?" என்றாள். இரண்டு இரவு, ஒரு பகல், முழங்கால் வலியோடு, அதுவும் பிப்ரவரியில் நாக்பூரைத் தாண்டினால் ஜன்னல் வழியே வருகிற குளிரில். நான் வேண்டாம் என்றேன். டிக்கெட்டை நான் எடுக்கிறேன் என்று சொன்னேன். அங்கேதான் தப்பு செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க கண்ணு. எனக்கு இந்தக் காலை வெச்சுக்கிட்டு எதுக்கு அதெல்லாம்" என்றாள். ஒரு வாரம் கழித்து மனைவி பேசிப் பார்த்தாள். மருமகன் என்ற முறையில் இல்லாவிட்டாலும் மகனாக நினைத்துக்கொள்ளச் சொல்லி என் பையன்கூடப் பேசினான். அசையவில்லை.

சலுகைக்கும் தம்பி கொடுக்கிற காசுக்கும் வித்தியாசம் என்ன, இரண்டும் இன்னொருவர் பணம்தானே என்று கேட்கலாம். அவளுக்கு வித்தியாசம் உண்டு. கோயம்புத்தூரில் நகரப் பேருந்தில் அவள் 2021-இலிருந்து காசில்லாமல்தான் போகிறாள், சாதாரணக் கட்டணப் பேருந்தில் எல்லாப் பெண்களுக்கும் இலவசம் என்பதால். அதில் அவளுக்குக் கூச்சம் எதுவும் இல்லை. எல்லோருக்கும் உள்ளது, எனக்கும் உள்ளது என்று ஏறி உட்காருகிறாள். அரை டிக்கெட்டும் அப்படித்தான். வயதானால் எல்லோருக்கும் உண்டு, யாரிடமும் போய் நிற்க வேண்டாம். தம்பி காசு என்றால் தம்பி பெண்டாட்டி என்ன நினைப்பாளோ, தன் மருமகளுக்கு என்ன பதில் சொல்வது என்று ஆயிரம் இருக்கிறது. அந்த 1,900 ரூபாயை எடுத்தவர்கள் எடுத்தது ரூபாய் மட்டும் இல்லை. அவள் யாரையும் கேட்காமல் ஊருக்குப் போய்வந்த வாழ்க்கையையும் சேர்த்துத்தான்.

அறநிலையத் துறை ராமேஸ்வரம்–காசி ஆன்மிகப் பயணம் அழைத்துப் போகிறதே, அதில் சேர்த்துவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல திட்டம். ஆனால் 60 முதல் 70 வயது வரைதான். அக்கா எழுபதைத் தாண்டி ஏழு வருடம் ஆகிறது.

எங்கள் பூங்காவில் காலை நடைக்கு வருகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த விஷயத்தில் எனக்கு நேர் எதிர். "சார், நீங்க வாங்கற பென்ஷனுக்கு உங்களுக்கு எதுக்கு சார் கன்செஷன்? அன்ரிசர்வ்டுல ஒத்தக் கால்ல நிக்கறானே பீகார் பையன், அவன் உங்களைவிட ஏழை" என்பார். அவர் சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது. எனக்கு பென்ஷன் வருகிறது, உண்மை. அவர் முதல் வகுப்பு ஏசியில் சலுகை வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் பெங்களூர் போய்வந்ததும் உண்மை. அது வெட்கமாகத்தான் இருந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவருடைய வெட்கத்துக்கு என் அக்கா ஏன் பணம் கட்ட வேண்டும்? வேண்டாதவர்கள் சலுகையை விட்டுக்கொடுக்கலாம் என்று 2017-இல் ரயில்வே படிவத்திலேயே இடம் வைத்தார்கள். முழுதாகவும் விடலாம், பாதியும் விடலாம். அதை அவர் டிக் செய்திருக்கலாம். செய்தாரா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ரயில்வே சொல்கிற பதில் வேறு. ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 46 சதவீதம் சலுகை ஏற்கெனவே கொடுக்கிறோம், 100 ரூபாய் செலவாகிற இடத்தில் 54 ரூபாய்தான் வாங்குகிறோம், 2022-23-இல் இதற்கு ஆன தொகை 56,993 கோடி என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். இருக்கட்டும். அதே ரயில்வே கணக்குப்படி, மூத்தோர் சலுகையால் 2019-20-இல் வராமல் போன வருமானம் சுமார் 1,667 கோடி. இரண்டும் வேறு வேறு வருடத்துக் கணக்கு, இருந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூற்றுக்கு மூன்று. 97 பங்கைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை, மூன்று பங்கில்தான் கை வைத்தார்கள். ஏனென்றால் நாங்கள் ரயிலை மறிக்க மாட்டோம்.

எல்லோருக்கும் எல்லா வகுப்பிலும் கொடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே, குறைந்தபட்சம் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலுமாவது திரும்பக் கொடுப்பதைப் பரிசீலியுங்கள் என்று பரிந்துரை செய்தது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லோரும் உட்கார்ந்திருக்கிற குழு அது. பீகார் பையனைப் பற்றி நண்பர் கவலைப்பட்டாரே, அவனுக்கும் அம்மா இருப்பாள். அவள் முதல் வகுப்பில் வரப்போவதில்லை.

இப்போது விமானத்தில் மூத்தோருக்குத் தள்ளுபடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அடிப்படைக் கட்டணத்தில் மட்டும். நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் வயதைச் சொல்லாமல் எடுக்கிற சாதாரண டிக்கெட்டே மலிவாக இருந்தது. இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோபத்தோடு நிறுத்தாமல், எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் மிஞ்சியிருப்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பத்து வழிகளில் இவை எதுவும் இல்லை. ரயில் கட்டணம் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டே போகும். அதனால் இரண்டு டிக்கெட்டாக எடுப்பதைவிடக் கடைசி ஊர்வரை ஒரே டிக்கெட்டாக எடுத்து, நடுவில் இறங்கிக்கொள்வது மலிவு. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில், முதல் 500 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு ஓர் ஊரில் இறங்கி இரண்டு நாள் தங்கலாம். 1,000-க்கு மேல் என்றால் இரண்டு ஊர். ராஜதானி, சதாப்தி போன்றவற்றில் கிடையாது. நாங்கள் சென்னை–டெல்லி என்று ஒரே டிக்கெட் எடுத்து ஆக்ராவில் இறங்கினோம். இது கவுண்டரில் மட்டும்தான் நடக்கும். கவுண்டரில் இருந்த இளைஞருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியவில்லை. உள்ளே போய்ப் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தார். அவர் என்னைப் பார்த்து, "நீங்க டிபார்ட்மெண்டா சார்?" என்றார். இல்லை, டெலிபோன் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைச் சபித்திருப்பார்கள். கிளம்பிய ஊருக்கே வேறு வழியாகத் திரும்புவதாக இருந்தால் சுற்றுப்பயண டிக்கெட் என்று ஒன்று உண்டு, எட்டு இடத்தில் இறங்கி ஏறலாம். அதைக் கோட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

இன்னொன்று, கீழ்ப் படுக்கை. கட்டணச் சலுகை போனாலும் 60 வயது ஆணுக்கும் 45 வயது பெண்ணுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு போகவில்லை. அந்த ஒதுக்கீட்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பேரனையும் சேர்த்து மூன்று பேராகப் போட்டுவிட்டு மேல் படுக்கை வந்துவிட்டதே என்று ஏணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன்.

ஆக்ராவிலிருந்து அக்காவுக்குப் பளிங்கில் ஒரு சின்ன தாஜ்மகால் வாங்கி வந்தேன். உள்ளே பல்ப் எரியும். சித்திரையில் கோயம்புத்தூர் போனபோது கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்வளவுடா குடுத்தே?" என்றாள். 350 என்றேன். "ஏமாத்திப்போட்டான்" என்றாள். டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சென்ற மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில், மூத்தோர் ரயில் சலுகையைத் திரும்பக் கேட்டு மந்திரிக்கு அனுப்ப ஒரு மனு தயார் செய்தோம். 140 கையெழுத்து சேர்ந்திருக்கிறது. பூங்காவில் அந்த நண்பரிடமும் நீட்டினேன். முழுதாக இரண்டு முறை படித்தார். "எல்லா வகுப்பிலும்" என்று இருந்த இடத்தைப் பேனாவால் அடித்து, மேலே "ஸ்லீப்பர், 3 ஏசி மட்டும்" என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, அதற்குப் பிறகு கீழே கையெழுத்துப் போட்டார். இப்போது அந்தப் பக்கத்தை மறுபடி டைப் செய்ய வேண்டும்.